எந்த அழுக்குக்கு எது: ரசாயன கிளீனர்களை விட்டு மாற நினைப்பவருக்கு

கேள்வி இதுதான்: குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டது. தரை துடைக்கும் திரவத்தின் வாடை வீட்டில் ஒருவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இருக்கிற கிளீனர்களையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு வினிகர், பேக்கிங் சோடா, பூந்திக்கொட்டை என்று மாறிவிடலாமா? அழுக்கும் கிருமியும் போகுமா? ஆறு குளத்துக்கும் அது நல்லதா?

மாறலாம், நிறையவே மாறலாம். ஆனால் பாட்டில் மேல் பச்சை இலை படம் இருக்கிறதா என்று பார்த்து மாறினால் சில இடத்தில் ஏமாற்றம்தான் மிஞ்சும், சில இடத்தில் ஆபத்தும் உண்டு. சோப்பு, டிடர்ஜென்ட் தயாரிப்பு வேதியியல்தான் என் பிழைப்பு என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். நான் எப்போதும் கேட்பது இரண்டு கேள்விகள். போக வேண்டிய அழுக்கு எது? கழுவிவிட்ட தண்ணீரில் இருப்பது எவ்வளவு சீக்கிரம் சிதையும்? அது செடியிலிருந்து வந்ததா, எண்ணெய்க் கிணற்றிலிருந்து வந்ததா என்பது அதற்கு அப்புறம்தான்.

இருப்பதை எதற்காகத் தூக்கிப் போட வேண்டும்? வாடை தாங்க முடியாததை மட்டும் ஒதுக்கி, மற்றதைப் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள். அரை பாட்டிலை மொத்தமாக சிங்க்கில் கொட்டுவது, அதையே மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாகப் பயன்படுத்துவதைவிட மோசம். ஒவ்வொன்றும் தீரும்போது மாற்றுங்கள்.

இப்போது அழுக்குக்கு வருவோம். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோடா போன்ற காரமோ சோப்பு வகையோ வேண்டும். குழாயிலும் கெட்டிலிலும் வெள்ளையாகப் படியும் உப்புக் கறைக்கு அமிலம் வேண்டும். ரத்தம், வியர்வை போன்ற புரதக் கறைக்குக் குளிர்ந்த தண்ணீரும், கறையை வெட்டிப் பிரிக்கும் என்சைமும் (நொதி) வேண்டும். சாயம் ஏறிய கறைக்கு வெளுப்பான். வெறும் தூசிக்கு ஈரத்துணியே போதும். அதற்குக் கிளீனர் எதுவும் தேவையில்லை என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. இந்தப் பிரிவினை மனதில் இருந்தால், இணையத்தில் சொல்லப்படும் குறிப்புகளில் பாதியை நீங்களே தள்ளிவிடுவீர்கள்.

அப்படித் தள்ள வேண்டியதில் முதலாவது, வினிகரையும் பேக்கிங் சோடாவையும் கலப்பது. பொங்கி நுரைப்பதைப் பார்த்தால் ஏதோ பெரிய வேலை நடப்பதுபோல் இருக்கும். நடப்பது என்னவென்றால், அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டுகின்றன. கரியமில வாயு போய்விடும், மிஞ்சுவது சோடியம் அசிடேட் என்ற உப்பு கரைந்த தண்ணீர். கணக்கும் எளிதுதான்: 5 சதவீத வினிகர் ஒரு லிட்டரில் சுமார் 50 கிராம் அசிட்டிக் அமிலம் இருக்கும், அதை முழுக்கச் செயலிழக்க வைக்க 70 கிராம் பேக்கிங் சோடா போதும். இரண்டையும் தனித்தனியாகப் பயன்படுத்தியிருந்தால் இரண்டு வேலை முடிந்திருக்கும். அடைத்த குழாயில் அந்த நுரைப்பு லேசான குப்பையை அசைத்துவிடலாம், அவ்வளவுதான். பிசுக்கு அடைப்புக்கு வெந்நீரும் சோப்பும், முடி அடைப்புக்கு ஒரு கம்பியும் இதைவிட மேல்.

இரண்டாவது, சோப்பையும் வினிகரையும் ஒரே பாட்டிலில் கலப்பது. நீங்களே செய்து பாருங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் சோப்பை நன்றாகக் கரைத்து, அதில் வினிகரை மெதுவாக ஊற்றுங்கள். தெளிவாக இருந்த தண்ணீர் வெண்மையாகக் கலங்கும். கொஞ்ச நேரத்தில் பால் திரிந்ததுபோல் துணுக்குத் துணுக்காக மேலே வந்து நிற்கும், டம்ளரின் ஓரத்தில் வழவழவென்று ஒட்டும். சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் உப்பு. அமிலம் பட்டதும் அது மறுபடி கொழுப்பு அமிலமாகவே ஆகிவிடுகிறது. துடைக்க வந்ததை விட்டுவிட்டு, துடைக்க வேண்டியதைத் தயாரித்திருக்கிறீர்கள்.

சரி, வினிகர் எதற்குத்தான் நல்லது? உப்புக் கறைக்கு. குழாய் முனை, ஷவர் தலை, கண்ணாடித் தடுப்பு, கெட்டிலின் அடி, இங்கெல்லாம் படிவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அமிலம் அதைக் கரைத்துவிடும். ஆனால் இந்த வேலைக்கு என் தேர்வு சிட்ரிக் அமிலம். பொடியாகக் கிடைக்கும், வாடை கிடையாது, கொண்டுவருவதற்கும் வைப்பதற்கும் இடம் அதிகம் வேண்டாம். தொழிற்சாலைகளில் அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையைக் கொண்டு சர்க்கரைக் கரைசலை நொதிக்கவைத்துத்தான் இதைத் தயாரிக்கிறார்கள். கெட்டிலுக்கு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒன்றிரண்டு மேசைக்கரண்டி போட்டு அரை மணி நேரம் விடுங்கள். உள்ளே பார்த்தால் வெள்ளைப் படிவின் மேல் ஊசிமுனை அளவுக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பும், அப்புறம் செதில் செதிலாகக் கழன்று மிதக்கும். கொதிக்கவிட வேண்டாம். சூட்டில் கால்சியம் சிட்ரேட் கரையாமல் வெள்ளையாகப் படியும், அதை எடுப்பது முன்னதைவிடச் சிரமம்.

அமிலம் படக்கூடாத இடங்கள் உண்டு. பளிங்கு, சுண்ணாம்புக் கல் எல்லாம் அதே கால்சியம் கார்பனேட்தான், ஆகவே கறையோடு கல்லும் கரையும். பளபளப்பு போய் மங்கலாக ஒரு தழும்பு நின்றுவிட்டால் மெருகு போடுபவரைத்தான் கூப்பிட வேண்டும். டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமென்ட் பூச்சும் அடிக்கடி அமிலம் பட்டால் அரிக்கும். வார்ப்பிரும்பு, அலுமினியம் இரண்டையும் இதிலிருந்து தள்ளியே வையுங்கள்.

பேக்கிங் சோடா மென்மையான காரம், அதன் பிஎச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; 7 என்றால் நடுநிலை) 8.3 அளவில்தான் இருக்கும். கீறாமல் தேய்க்கவும், குளிர்பெட்டி வாடையை இழுக்கவும் நல்லது. கெட்டியான பிசுக்கை அது ஒன்றும் செய்யாது. அதற்கு வேண்டியது வாஷிங் சோடா, அதாவது சோடியம் கார்பனேட். கரைசலின் பிஎச் 11 வரை போகும். எண்ணெயைக் கொஞ்சம் சோப்பாகவே மாற்றிவிடும். அடுப்பு மேடை, எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கை, சிம்னி வலை, எல்லாம் வெந்நீரில் கரைத்த வாஷிங் சோடாவில் ஊறினால் பாதி வேலை தானே முடியும். அலுமினியப் பாகங்களை இதிலும் போடக்கூடாது, கறுத்துவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குழந்தை கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். இதுவும் கனிமத்திலிருந்து வருவதுதான், ஆனாலும் கண்ணில் பட்டால் புண்ணாக்கும்.

துணிக்கு வெளுப்பான் வேண்டுமென்றால் சோடியம் பெர்கார்பனேட் வாங்கலாம். தண்ணீரில் போட்டதும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சோடாவும் ஆகப் பிரியும். பெராக்சைடு வேலையை முடித்துவிட்டுத் தண்ணீரும் ஆக்சிஜனுமாகப் போய்விடும். 40 டிகிரிக்கு மேலான வெந்நீரில்தான் சுறுசுறுப்பாக இருக்கும். பட்டு, கம்பளிக்கு ஆகாது. கரைத்ததை மூடிய பாட்டிலில் சேமிக்கவே கூடாது. ஆக்சிஜன் சேர்ந்து பாட்டில் வெடிக்கும்.

இப்போது பூந்திக்கொட்டை. அதில் இருக்கும் சாபோனின் என்ற சோப்பு போன்ற பொருள் நுரைக்கும், பிசுக்கை ஓரளவு தூக்கும். மென்மையான துணிக்கும் நகைக்கும் அருமையானது. வெந்நீரில் ஊறவைத்துப் பிசைந்து வடித்தால்தான் சாறு இறங்கும். குளிர்ந்த தண்ணீரில் இயந்திரத்துக்குள் அப்படியே போட்டால் கொட்டை சுற்றிக்கொண்டிருக்குமே தவிர, துணி அழுக்காகவே வரும். வடித்த சாற்றில் கெடாமல் காக்கும் பொருள் எதுவும் கிடையாது, சில நாளில் புளித்து நாறும். கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொள்ள வேண்டியதுதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாபோனின் மீனின் செவுளைத் தாக்கும்; சாபோனின் உள்ள செடிகளை நசுக்கித் தேங்கிய நீரில் போட்டு மீனை மயக்கிப் பிடிக்கும் முறை உலகின் பல பகுதிகளில் உண்டு. அது சிதைந்துவிடும் பொருள் என்பதால் வீட்டு அளவில் பயப்பட வேண்டாம். ஆனால் வடிதண்ணீரை நேராக மீன் இருக்கும் தொட்டியிலோ குளத்திலோ விடாதீர்கள். வீட்டுக் கிளீனர் குறிப்புகளில் வரும் போராக்ஸ் கதையும் இதே மாதிரிதான். தரையிலிருந்து தோண்டியெடுக்கும் சுத்தமான கனிமம், ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் அதை இனப்பெருக்கத்துக்குத் தீங்கான பொருட்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அது எதற்கு?

பழத்தோலும் வெல்லமும் தண்ணீரும் சேர்த்து மூன்று மாதம் நொதிக்கவைக்கும் பயோ என்சைமைப் பற்றியும் நிச்சயம் கேட்பீர்கள். சர்க்கரை ஒரு பங்கு, தோல் மூன்று, தண்ணீர் பத்து என்பது வழக்கமான அளவு. குப்பையாகப் போகும் தோல் பயன்படுகிறது, அது நல்ல விஷயம். முடிவில் கிடைப்பது பெரும்பாலும் நீர்த்த, வாசனையுள்ள வினிகர். அதில் வேலை செய்வது முக்கியமாக அமிலமே. ஆகவே வினிகர் போகும் இடத்துக்கு இது போகும், வினிகர் ஆகாத பளிங்குக்கு இதுவும் ஆகாது. முதல் சில வாரம் தினமும் மூடியைத் தளர்த்தி வாயுவை விடுங்கள், கண்ணாடி ஜாடியை இறுக மூடி வைக்காதீர்கள்.

உண்மையான என்சைம் வேண்டுமென்றால் அது நல்ல சலவைத் தூளில் இருக்கிறது. புரதத்தை வெட்ட புரோட்டியேஸ், மாவுப்பொருளுக்கு அமைலேஸ், கொழுப்புக்கு லிபேஸ். 1913-லேயே ஓட்டோ ரோம் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் விலங்குக் கணையத்திலிருந்து எடுத்த என்சைமைத் துணி துவைக்கப் பயன்படுத்தக் காப்புரிமை வாங்கினார். இன்று நுண்ணுயிரிகளை வளர்த்து எடுக்கிறார்கள். இதை நான் தூக்கிப் பேசுவதற்குக் காரணம் உண்டு. இயந்திரத்தில் துவைப்பதற்கு ஆகும் மின்சாரத்தில் பெரும்பகுதி தண்ணீரைச் சூடாக்கத்தான் போகிறது. என்சைம் உள்ள தூள் என்றால் 30 டிகிரியிலோ சாதாரணத் தண்ணீரிலோ துவைத்துவிடலாம். அதனால்தான் வீட்டிலேயே சோப்பைத் துருவிச் சலவைத் தூள் செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை. கடினநீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகும். அது துணியில் ஒட்டும், வெள்ளை சாம்பல் நிறமாகும், துண்டு தண்ணீரை உறிஞ்சாது. சலவைக்கு மட்டும் நல்ல டிடர்ஜென்டை அளவாகப் போடுவதே சரி.

டிடர்ஜென்ட் என்றாலே ஆற்றில் நுரை என்று நினைவு வருமே, அந்த நுரைக்கு ஒரு வரலாறு உண்டு. 1950-களில் வந்த சலவைத் தூள்களில் இருந்த மூலப்பொருளின் மூலக்கூறு வால் கிளை கிளையாக இருந்தது. பாக்டீரியாக்களால் அதைக் கடித்துச் சிதைக்க முடியவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகளிலும் சுத்திகரிப்பு நிலையங்களிலும் நுரை மலையாகக் குவிந்தது. கிளையில்லாத நேர்வால் கொண்ட மூலக்கூறுக்கு மாறியதும் அந்தப் பிரச்சினை பெரிதும் அடங்கியது; ஜெர்மனியில் 1964-இல் சட்டமே அமலுக்கு வந்தது, அமெரிக்க நிறுவனங்கள் 1965-இல் மாறின. பழையதும் பெட்ரோலியம்தான், புதியதும் பெட்ரோலியம்தான். மாறியது மூலக்கூறின் வடிவம். இன்றும் சுத்திகரிக்காத கழிவுநீர் நேராகப் போய்ச் சேரும் ஆறுகளில் நுரை பொங்குகிறதென்றால், அங்கே சிதைவதற்கு நேரமும் ஆக்சிஜனும் கிடைக்கவில்லை.

பாஸ்பேட்டின் தொல்லை வேறு விதம். கடினநீரை மென்மையாக்கப் போட்ட அது ஏரிக்குப் போனதும் பாசிக்கு உரமானது. பாசி செத்து அழுகும்போது தண்ணீரின் ஆக்சிஜனைத் தின்றது, மீன்கள் செத்தன. ஐரோப்பிய ஒன்றியம் வீட்டுச் சலவைத் தூளில் 2013-லும், டிஷ்வாஷர் தூளில் 2017-லும் அதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. எல்லா நாட்டிலும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. எனவே வாங்கும்போது பாஸ்பேட் இல்லை என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

தேங்காய் எண்ணெய், பனை எண்ணெயிலிருந்து செய்தது என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். நுரைத்து அழுக்கை எடுக்கும் மூலப்பொருளான சோடியம் லாரில் சல்பேட்டே அப்படித்தான் வருகிறது. சிதைவது நல்ல வேகத்தில்தான். ஆனால் காட்டை அழித்து நட்ட எண்ணெய்ப்பனையிலிருந்து வந்திருந்தால் கணக்கு மாறிவிடும். சருமத்துக்கு இதம் வேண்டுமென்றால் அல்கைல் பாலிகுளுக்கோசைடு வகை நல்லது; லேபிளில் டெசைல் குளுக்கோசைடு, கோகோ குளுக்கோசைடு என்ற பெயர்களில் இருக்கும்.

லேபிளில் 'பயோடிகிரேடபிள்' என்பது மட்டும் இருந்தால் அதற்கு மதிப்பில்லை. எத்தனை நாளில், எந்தச் சோதனைப்படி என்று கேட்க வேண்டும். ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பு) வகுத்த 301 என்ற சோதனை வரிசையில் பொதுவான அளவுகோல் 28 நாளில் குறைந்தது 60 சதவீதம் முழுதாகச் சிதைவது. 'இயற்கை', 'கெமிக்கல் ஃப்ரீ' என்பதற்கெல்லாம் பெரும்பாலான இடங்களில் சட்ட வரையறை கிடையாது, தண்ணீரும் கெமிக்கல்தானே. மூன்றாம் தரப்பு சோதித்துத் தரும் முத்திரைகளுக்கு ஓரளவு மரியாதை கொடுக்கலாம்: ஜெர்மனியின் ப்ளூ ஏஞ்சல், வடஐரோப்பாவின் நார்டிக் ஸ்வான், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈகோலேபிள், அமெரிக்காவின் சேஃபர் சாய்ஸ்.

வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்றீர்களே, எனக்குப் பெரிய விஷயமாகப் படுவது அதுதான். நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, 6,000-க்கும் மேற்பட்டவர்களின் இருபது ஆண்டுத் தகவல்களைப் பார்த்தது. வீட்டிலோ வேலையாகவோ துப்புரவு செய்த பெண்களின் நுரையீரல் திறன், செய்யாதவர்களைவிட வேகமாகக் குறைந்திருந்தது. ஸ்ப்ரே அடிக்கும்போது நுண்துளிகள் மூச்சோடு உள்ளே போகின்றன. அதனால் நீங்கள் எந்தப் பொருளுக்கு மாறினாலும் சரி, மாறாவிட்டாலும் சரி, ஸ்ப்ரேயைத் துணியில் அடித்துத் துடையுங்கள், அல்லது மூடியைக் கழற்றித் துணியில் ஊற்றுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். வாசனை எண்ணெய்களும் இதற்கு விலக்கல்ல. ஆரஞ்சு, எலுமிச்சை எண்ணெயில் இருக்கும் லிமோனீன் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து ஃபார்மால்டிஹைடு என்ற எரிச்சலூட்டும் வாயுவைக் கொஞ்சம் உண்டாக்கும். பழசானால் தோலில் ஒவ்வாமையும் தரும். டீ ட்ரீ எண்ணெய் பூனைக்கும் நாய்க்கும் விஷம். குழந்தை தவழும் தரைக்கு வாசனையே இல்லாத திரவம்தான் சரியானது. ஒரு வாளி தண்ணீரில் சில துளி பாத்திரம் கழுவும் திரவம், பிழிந்த மாப், அப்புறம் வெறும் தண்ணீரில் இன்னொரு முறை. தினசரித் தரைக்கு இது போதும்.

கிருமி? தினசரி வாழ்க்கையில் கிருமியைக் கொல்ல வேண்டிய இடம் மிகக் குறைவு, அகற்றினால் போதும். சோப்பும் தண்ணீரும் அதைச் செய்கின்றன. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016-இல் ட்ரைக்ளோசான் உட்பட 19 கிருமிநாசினிப் பொருட்களை ஆன்டிபாக்டீரியல் கைச் சோப்புகளில் தடை செய்தது. சாதாரணச் சோப்பைவிட அவை மேல் என்று தயாரிப்பாளர்களால் காட்ட முடியவில்லை. ஆனால் வீட்டில் ஒருவருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் விஷயம் வேறு. வாந்தி, வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோ வைரஸ் ஆல்கஹாலுக்கே சரியாக மசியாதது; வினிகரை அது சட்டைசெய்யாது. அப்போது குளோரின் ப்ளீச்தான் (சோடியம் ஹைபோகுளோரைட் கரைசல்). முதலில் கையுறையோடு அசுத்தத்தை எடுத்துவிட்டுச் சோப்பால் கழுவுங்கள். பிறகு 5 சதவீத ப்ளீச்சை லிட்டர் தண்ணீருக்கு 20 முதல் 100 மில்லி வரை கலந்து பூசி, ஐந்து நிமிடமாவது ஈரமாக விடுங்கள். அழுக்கின் மேலேயே ஊற்றினால் குளோரின் அழுக்கோடு சண்டை போட்டுத் தீர்ந்துவிடும். கலந்ததை நாள்கணக்கில் வைக்காதீர்கள், வீரியம் போய்விடும். ஆகவே ஒரு சிறிய ப்ளீச் பாட்டில் அலமாரியின் மேல்தட்டில் இருக்கட்டும். வெறுமனே வாசனைக்காகத் தினமும் அதை ஊற்றுவதை மட்டும் நிறுத்துங்கள்.

ப்ளீச்சோடு வினிகரோ சிட்ரிக் அமிலமோ டாய்லெட் ஆசிடோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அமோனியா சேர்ந்தால் குளோரமைன் என்ற நச்சு வாயு. பெராக்சைடையும் வினிகரையும் ஒரே பாட்டிலில் ஊற்றினால் பெரஅசிட்டிக் அமிலம் உண்டாகும், அது மூச்சுக்குழாயை எரிக்கும். மாறும் காலத்தில்தான் இந்த விபத்துகள் நடக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் வீட்டில் இருக்கும். பழைய ப்ளீச் ஊற்றிய கழிவறையில் மறுநிமிடம் புதிய வினிகரை ஊற்றுவார்கள்.

எந்த வரிசையில் மாறுவது என்றால், முதலில் அளவைக் குறையுங்கள். நுரை நிறைய வந்தால்தான் சுத்தம் என்ற எண்ணம் நம் எல்லோருக்கும் உண்டு. தயாரிப்பாளர்கள் நுரைக்காகவே தனியாகப் பொருள் சேர்ப்பதும் உண்டு. டிஷ்வாஷ் லிக்விடைப் பாத்திரத்தின் மேல் நேராகப் பீய்ச்சாமல் ஒரு கிண்ணம் தண்ணீரில் கரைத்துத் தொட்டுத் தேய்த்தால் செலவாவது வெகுவாகக் குறையும். பொருளையே மாற்றாமல் கிடைக்கும் லாபம் இது. அடுத்து உப்புக் கறை எடுக்கும் ஆசிட்டின் இடத்தில் சிட்ரிக் அமிலம். அப்புறம் தரைத் திரவம், கண்ணாடித் திரவம். கண்ணாடிக்குக் கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணீரும் உலர்ந்த பருத்தித் துணியும் போதும். ஃபேப்ரிக் சாஃப்ட்னரை விட்டால் மாற்றாக எதையும் வாங்க வேண்டியதே இல்லை. சலவைத் தூளை மாற்றுவது கடைசி. திரவமாக வாங்குவதில் பெரும்பங்கு தண்ணீர்தான், எனவே தூளோ செறிவூட்டிய வகையோ வாங்கினால் பிளாஸ்டிக்கும் லாரிச் சுமையும் குறையும்.

கடைசியாக, வீட்டில் கலந்து வைக்கும் எதையும் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். வாஷிங் சோடாக் கரைசல் பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். தனி பாட்டில் எடுத்து, உள்ளே என்ன, எந்தத் தேதியில் கலந்தது என்று பட்டையாக எழுதி ஒட்டி, உயரத்தில் வையுங்கள். தவழ்கிற குழந்தை இன்னும் சில மாதத்தில் எழுந்து நிற்கும்.